வயல்வெளியில் இரண்டரை நாள்: கலை, சிந்தனை விழா நடத்த நினைப்பவர்களுக்கு

நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் நண்பர் ஒருவரின் குடும்ப நிலம் இருக்கிறது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை பேச்சு, விவாதம், இசை, நாடகம், கைவினை எல்லாம் சேர்ந்த ஒரு சிறு விழாவை அங்கே நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொரு கேள்வி: இதையே நகரத்தில் ஓர் அரங்கு எடுத்துச் செய்தால் செலவும் அலைச்சலும் பாதியாகிவிடுமே, அவ்வளவு தூரம் போவதால் அப்படி என்ன கிடைத்துவிடும்?

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் பிடிபட்டுவிட்டால் முதல் கேள்வியில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

நகர அரங்கில் அமர்வு முடிந்த நிமிடமே கூட்டம் கலைந்துவிடும். பேச்சாளருக்கு வாசலில் வண்டி காத்திருக்கும். கேட்க வந்தவருக்கு வீட்டில் வேலை இருக்கும். பேச்சு நன்றாகவே இருந்திருக்கலாம், ஆனால் அது மேடையிலேயே முடிந்துவிடுகிறது. வயல்வெளியில் அப்படி எழுந்து போக முடியாது. காலையில் மேடையில் ஒருவர் சொன்னதை உங்களால் ஏற்க முடியவில்லை என்று வையுங்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் அவர் உங்களுக்கு முன்னால் தட்டோடு நிற்பார். மாலையில் இருவரும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மறுநாள் காலை பல் துலக்கும் இடத்தில் பார்த்துக்கொள்வீர்கள். இரண்டு நாளில் அந்தக் கருத்து வேறுபாடு ஒரு உரையாடலாக மாறியிருக்கும். அந்த நிலம் தள்ளி இருப்பது குறை என்று நினைத்துத் திட்டமிடாதீர்கள். உங்கள் விழாவின் மூலதனமே அந்தத் தொலைவுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஷடாக்வா என்று ஓர் ஏரி இருக்கிறது. 1874இல் ஜான் ஹெய்ல் வின்சென்ட் என்ற மதகுருவும், அறுவடைக் கருவிகள் தயாரித்த லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி ஒன்றை அந்த ஏரிக்கரையில் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அறிவியல், இலக்கியம், அரசியல், இசை எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. 1878இல் வீட்டிலிருந்தே படிக்கும் நான்காண்டு வாசிப்புத் திட்டம் ஒன்றையும் ஆரம்பித்தார்கள். கல்லூரியைப் பார்த்திராத ஏராளமான பேருக்கு அதுதான் உயர்கல்வி.

அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1904 முதல் இதே பெயரில் கூடாரங்கள் ஊர் ஊராகப் பயணம் போக ஆரம்பித்தன. ஒரு ஊரில் சில நாள் பேச்சும் பாட்டும், பிறகு கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊர். 1920களில் அவை உச்சத்தில் இருந்தன. வானொலியும் சினிமாவும் காரும் பரவின, பொருளாதாரப் பெருமந்தமும் வந்தது, 1930களின் தொடக்கத்தில் அந்தப் பயணக் கூடாரங்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. ஏரிக்கரையில் தொடங்கிய மூல நிறுவனமோ இன்றும் கோடைதோறும் நடக்கிறது. இதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கூடாரம் மக்களின் வசதிக்காக வாசலுக்கு வந்தது, அதைவிட வசதியான வானொலி வீட்டுக்குள்ளேயே வந்ததும் தோற்றது. ஏரிக்கரைக்கு மக்கள் கிளம்பிப் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்துக்கு மாற்றாக எந்தக் கருவியும் வரவில்லை.

ஹே-ஆன்-வை என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேல்ஸ் நாட்டு எல்லையில், இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத ஊர், ரயில் நிலையமும் கிடையாது. அங்கே 1988இல் பீட்டர் ஃபுளோரன்ஸ் தன் பெற்றோருடன் சேர்ந்து தொடங்கிய இலக்கிய விழா இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. ஆனால் விழாவுக்கு முன்பே அந்த ஊரில் புத்தகங்கள் இருந்தன. 1960களிலிருந்தே ரிச்சர்ட் பூத் என்பவர் அங்கே பழைய புத்தகக் கடைகளைத் திறந்துகொண்டிருந்தார். 1977 ஏப்ரல் 1ஆம் தேதி ஹேயைத் தனி நாடாகவும் தன்னை அதன் அரசனாகவும் அறிவித்து ஊரையே செய்தியாக்கியவர் அவர். விழாவின் வேர் அந்தக் கடைகளில் இருக்கிறது. உங்கள் நிலத்திலும் ஏற்கெனவே ஏதாவது ஒன்று இருக்கும். பழைய களஞ்சியமோ, பெரிய மரமோ, குளமோ, பக்கத்திலேயே நடக்கும் ஒரு தொழிலோ. விழாவை அதிலிருந்து வளருங்கள். வெற்று நிலத்தில் நகர அரங்கு ஒன்றைத் தூக்கி வைத்தால் அது பாதி வசதியுள்ள நகர அரங்காக மட்டுமே இருக்கும்.

சரி, நிகழ்ச்சி நிரலுக்கு வருவோம். எல்லோரும் செய்யும் தவறு நெரிசல். இவ்வளவு தூரம் வருகிறார்களே, நிறையக் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் காலை எட்டு மணி முதல் இரவு வரை அமர்வுகளை அடுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் தொலைவு தந்த லாபத்தை நாமே வீணாக்குகிறோம். ஒருவர் ஒரு நாளில் முழு மனதோடு கேட்கக்கூடியது நான்கு அமர்வுகள், ஐந்து என்றால் அதிகம். முக்கால் மணி நேரப் பேச்சு, கால் மணி நேரக் கேள்விகள், பிறகு அரை மணி நேரம் எதுவுமே இல்லாத இடைவெளி. அந்த அரை மணி நேரத்தையும் ஒரு நிகழ்ச்சியாகவே பாவித்து இடம் ஒதுக்குங்கள்: நிழல், உட்கார ஏதாவது, குடிக்கத் தண்ணீர், நான்கைந்து பேர் வட்டமாக நின்று பேச இடம். முதல் ஆண்டு இரண்டு மேடைகளுக்கு மேல் வேண்டாம். ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் ஐந்து விஷயம் நடந்தால், மாலையில் இருவர் சந்திக்கும்போது பொதுவாகப் பேச ஒன்றும் இருக்காது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு மழை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் மேடைப் பொறுப்பில் இருந்தேன். மண்ணியல் அறிஞர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், திரையில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று பெருமழை. கூடாரத் துணி மேல் விழுந்த சத்தத்தில் மைக்கில் பேசியது எதுவும் கேட்கவில்லை. சில நிமிடங்களில் மின்சாரமும் போய்விட்டது. நான் ஜெனரேட்டர் பக்கம் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், அவர் மேடையிலிருந்து இறங்கிக் கூடாரத்தின் ஓரத்துக்குப் போய், நனைந்த மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் அவரைச் சுற்றி நெருங்கியிருந்தார்கள். அவர் அந்தக் கட்டியை இரண்டாகப் பிளந்து, உள்ளே மண்புழு போன துளையைக் காட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மண்வாசனை என்று நாம் சொல்வது மழையின் வாசனை இல்லை, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை, கற்பனை செய்ய முடியாத அளவு குறைவாக இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும் என்றார். மின்சாரம் வந்த பிறகும் படங்களைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அமர்வு முடிந்து எல்லோரும் கை கழுவக் குழாயடிக்குப் போனார்கள். அங்கே சேற்றுக் கையோடு வரிசையில் நின்றபடியே ஆரம்பித்த பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. அந்த இரண்டு நாளில் நான் கேட்டவற்றில் சிறந்தது அந்தக் குழாயடிப் பேச்சுதான். அதற்கப்புறம் நான் பொறுப்பேற்ற ஒவ்வொரு விழாவிலும் படக்காட்சி இல்லாத அமர்வுகள் ஒன்றிரண்டாவது கட்டாயம் இருக்கும். மேலும், பகல் வெளிச்சத்தில் சாதாரணப் புரொஜெக்டர் படம் கூடாரத்துக்குள் வெளிறித்தான் தெரியும்.

கலையையும் சிந்தனையையும் ஒன்றாக வைப்பது எப்படி என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கனமான பேச்சு, பிறகு மனம் இளக ஒரு பாட்டு, திரும்பவும் கனமான பேச்சு என்று போட்டுவிடுகிறார்கள். அது கலைஞரை இடைவேளை நிரப்ப வந்தவராக்கிவிடும். நான் பரிந்துரைப்பது வேறு: வெள்ளியன்று தொடங்கி ஞாயிறன்று முடியும் ஒரு வேலையை விழாவின் நடுவில் வையுங்கள். மண்பாண்டச் சூளை அதற்கு மிகப் பொருத்தம். பானைகளை முன்பே வனைந்து நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் தீயில் நீராவியாகி வெடித்துவிடும். வெள்ளி மாலை அடுக்குவது, சனி இரவு தீ மூட்டுவது, ஞாயிறு மதியம் ஆறிய சாம்பலை விலக்கிப் பிரிப்பது. சனி இரவு அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நெறியாளரே தேவைப்பட மாட்டார். குயவரும் வேதியியல் பேராசிரியரும் களிமண் ஏன் சிவக்கிறது என்று பேச ஆரம்பித்தால், எது கலை அமர்வு எது சிந்தனை அமர்வு என்று யாராலும் பிரிக்க முடியாது.

விவாத மேடைக்கு ஒரே ஒரு குறிப்பு. மூன்று பேர் போதும், உண்மையிலேயே மாறுபடுகிறவர்களாக இருக்கட்டும். நெறியாளர் மூவரிடமும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசி, எந்தப் புள்ளியில் பிரிகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும். அறிமுகத்துக்கே கால் மணி நேரம் போனால் வந்தவர்களின் கவனம் வெளியே மரத்தடிக்குப் போய்விடும்.

ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வெட்டவெளி விழாக்களில் மிகுதியாகக் கெடுவது அதுதான், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். அரங்கில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி உதவுகின்றன. வெளியில் அந்த உதவி இல்லை. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று முன்னால் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினால் முன்வரிசைக்குக் காது வலிக்கும். நடுவில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைப்பதுதான் வழி. ஆனால் அதை அப்படியே இணைத்துவிடக் கூடாது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மேடை ஸ்பீக்கரின் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். பக்கத்து ஸ்பீக்கரோ உடனே பேசிவிடும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும், பேச்சு குழம்பிவிடும். அந்த இரண்டாம் ஜோடிக்கு ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸரில் அதே அளவு தாமதம் கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டுக் கச்சேரிக்கு மட்டுமே ஒலி அமைத்துப் பழகியவர்கள் இதில் அலட்சியமாக இருப்பதுண்டு. பாட்டில் தாளம் கொஞ்சம் மங்கினாலும் ரசிக்கலாம், தத்துவத்தில் ஒரு சொல் மங்கினால் வாக்கியமே போய்விடும்.

இரவில் நிலைமை வேறு. பகலில் சூடான தரையிலிருந்து ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் மேலே உள்ளதைவிடக் குளிர்ந்துவிடுவதால், ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். மாலையில் அடுத்த ஊருக்குக் கேட்காத அதே சத்தம் இரவு பத்து மணிக்கு அங்கே ஒருவரின் படுக்கையறைக்குள் கேட்கும். அதனால் மேடையின் முகத்தை வீடுகள் இல்லாத பக்கம் திருப்புங்கள், இரவு நிகழ்ச்சிகளை மின்னொலி இல்லாதவையாக வையுங்கள். கதைசொல்லல், தனிக்குரல், ஒற்றை வாத்தியம். ஜெனரேட்டரை மண்மேட்டுக்கோ கட்டடத்துக்கோ பின்னால் நிறுத்துங்கள். கேபிள் நீளமாகிறதே என்று மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இரண்டு நாளும் அந்த உறுமல்தான் முக்கியப் பேச்சாளர்.

அடுத்தது அந்த ஊர் மக்கள். இதில் எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுவது ஜப்பானின் நீகட்டா மாகாணத்தில் 2000இலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் எச்சிகோ-சுமாரி கலைவிழா. கடும் பனி பொழியும் மலைப்பகுதி, படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், இளைஞர்கள் வெளியேறிப் பாதி காலியான கிராமங்கள். ஃபிராம் கிடகாவா என்ற இயக்குநர் சுமார் 760 சதுர கிலோமீட்டர் பரப்பையே காட்சியிடமாக்கினார். ஆளில்லாத வீடுகளும் மூடப்பட்ட பள்ளிகளும் கலைப்படைப்புகளாயின. முதலில் ஊர்க்காரர்களிடம் எதிர்ப்பும் சந்தேகமும்தான் இருந்தன, பல ஆண்டுகள் பேசிப் பேசித்தான் வழி திறந்தது. அங்கே இல்யா, எமிலியா கபகோவ் தம்பதியின் படைப்பு ஒன்று உண்டு. உழுவது, நடுவது, அறுப்பது என்று உழவர் உருவங்கள் எதிர்ப்பக்கத்து வயல்படிகளில் நிற்கும். இந்தப் பக்கம் பார்வை மேடையில் நின்று பார்த்தால், காற்றில் எழுதியதுபோல் தொங்கும் வரிகளும் அந்த உருவங்களும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும். அந்த நிலத்தின் வேலையே படைப்பின் பொருள்.

டிக்கெட் விற்பனையை அறிவிக்கும் முன்பு, சுவரொட்டி அச்சடிக்கும் முன்பு, சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் போங்கள். அந்த வார இறுதியில் அறுவடை வண்டிகள் அந்தப் பாதையில் போகுமா, கால்நடைகள் எந்த வழியாகப் போய்வருகின்றன, எந்தச் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவு என்று கேளுங்கள். அவர்களுக்கு நுழைவு இலவசமாக இருக்கட்டும், கேட்காமலே. ஆனால் ஊர்க்காரர்களை மேடையேற்றி "உங்கள் பாரம்பரியத்தைக் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன பேச வேண்டும், பேச விருப்பமா இல்லையா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நிலத்தடி நீரைப் பற்றி ஆய்வாளருக்கு எதிரே உட்கார்ந்து பேசத் தகுதியானவர் பக்கத்து வயலிலேயே இருக்கலாம்.

நிலத்துக்கும் மரியாதை வேண்டும். 1970இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஈவிஸ் தன் பால்பண்ணையில் தொடங்கிய கிளாஸ்டன்பரி இசைவிழா, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலம் ஓய்வெடுக்கட்டும் என்று விழாவையே நிறுத்திவைக்கிறது. உங்களுடையது அதன் சிறு துளிதான் என்றாலும் கணக்கு அதேதான். ஈர மண்ணில் வண்டிச்சக்கரம் அழுத்திய தடம் அடுத்த பயிரில் தெரியும். கூடார முளை, ஆணி, கம்பித் துண்டு ஒன்றுகூடப் புல்லில் கிடக்கக் கூடாது. மாடு புல்லோடு சேர்த்து இரும்பை விழுங்கினால் அது இரைப்பையைத் துளைத்துவிடும். எத்தனை முளை அடித்தோம் என்று எண்ணி எழுதிவையுங்கள், பிடுங்கும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும்.

கழிப்பறை, பாதை, வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. இரவு தங்குபவர்கள் இருந்தால் ஐம்பது, அறுபது பேருக்கு ஒரு கழிப்பறையாவது நான் வைப்பேன், பெண்களுக்குக் கூடுதலாக. அங்கே போகும் வழியில் இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டும். வண்டிகள் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி, ஆம்புலன்ஸுக்காக எப்போதும் காலியாக ஒரு வழி. 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாவுக்குப் போகும் சாலைகள் அடைத்துக்கொண்டதால் கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. முதலுதவி தெரிந்த ஒருவர் இரண்டு இரவும் அங்கேயே தங்க வேண்டும்.

பணத்தில் ஒரே பிடிவாதம் வையுங்கள்: பேசுகிறவர்களுக்கும் கலைஞர்களுக்கும் தொகை சிறியதாக இருந்தாலும் கொடுங்கள், எல்லோருக்கும் ஒரே அளவாக. பேச வரும் எழுத்தாளர்களுக்குப் பணம் தருவதில்லை என்ற காரணத்துக்காகவே 2016இல் ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் ஆக்ஸ்ஃபோர்டு இலக்கிய விழாவின் புரவலர் பொறுப்பிலிருந்து விலகினார். கூடாரக்காரருக்கும் ஒலிக்காரருக்கும் கணக்காகக் கொடுத்துவிட்டு, எதற்காக எல்லோரும் வந்தார்களோ அந்த ஆளிடம் மட்டும் இலவசமாகக் கேட்பது சரியில்லை. ஆதரவாளர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் முன்யோசனை வேண்டும். 2024இல் ஹே விழா தொடங்கிய சமயத்திலேயே, அதன் முக்கிய ஆதரவாளரான ஒரு முதலீட்டு நிறுவனத்தின் முதலீடுகளை எதிர்த்துப் பங்கேற்பாளர்கள் சிலர் விலக, விழா அந்த ஆதரவை நிறுத்திவைத்தது. யாரிடம் வாங்க மாட்டோம் என்பதைப் பணம் தேவைப்படுவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

முதல் ஆண்டுக்கு இருநூறு பேர் போதும். இரண்டு நாளில் ஒருவரையொருவர் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய எண்ணிக்கை அது.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். விழாவை எந்த மாதத்தில் நினைத்திருக்கிறீர்களோ அதே மாதத்தில் நீங்கள் நான்கைந்து பேர் போய் அந்த நிலத்தில் ஓர் இரவு தங்குங்கள். மாலையில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, இருட்டியதும் எந்த வீட்டு விளக்கு தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஒருவரைப் பெரிய மரத்தடியில் நிறுத்தி, ஏதாவது ஒரு பக்கத்தை மைக் இல்லாமல் இயல்பான குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் பின்னாலேயே நடந்து போங்கள். சொற்கள் தெளிவாகக் கேட்பது எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை வையுங்கள். முதல் ஆண்டில் உங்கள் கடைசி வரிசை அந்தக் கல்லைத் தாண்ட வேண்டாம்.